பம்ப் ஏன் நின்றது? பழுது அறிக்கை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்று உண்டு. ராத்திரி முழுக்க நின்று இயந்திரத்தை ஓட வைத்துவிடுவார்கள். காலையில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் நாலு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு அடுத்த ஷிப்ட்காரரால் எதுவும் செய்ய முடியாது. இரண்டு மாதம் கழித்து அதே பழுது வந்தால் முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

இவர்கள் திறமை குறைந்தவர்கள் இல்லை. எதை முதலில் எழுதுவது, எதைக் கடைசியில் எழுதுவது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பழுது அறிக்கையில் எழுதும் வரிசை வேறு, படிக்கும் வரிசை வேறு. இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரே உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். ஒரு தொழிற்சாலையில் குளிர்நீர் அனுப்பும் சென்ட்ரிபியூகல் பம்ப் (உள்ளே சுழலும் சக்கரம் தண்ணீரைத் தள்ளும் வகை). 30 கிலோவாட் மோட்டார், பெயர்ப்பலகையில் 54 ஆம்பியர். நள்ளிரவுக்குப் பிறகு ஓவர்லோட் ரிலே (மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் அதை நிறுத்திவிடும் பாதுகாப்புச் சாதனம்) விழுந்து, அதாவது ட்ரிப் ஆகி, இரண்டு முறை நின்றது. அன்று ஷிப்டில் இருந்த பையன் எழுதிக் கொடுத்தது இது:

“பம்ப் அடிக்கடி ட்ரிப் ஆனது. சரி பார்க்கப்பட்டது. வால்வு அட்ஜஸ்ட் செய்யப்பட்டது. இப்போது நன்றாக ஓடுகிறது.”

அன்று அவன் செய்த வேலை அருமையான வேலை. இந்த நாலு வரியில் அதில் ஒன்றுகூடத் தெரியவில்லை. அதை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

1. இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்

அறிக்கை எழுதும் வேலை மேசையில் ஆரம்பிப்பதில்லை, இயந்திரத்தின் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டு, ஒரு பேனா, போன் கேமரா இருந்தால் போதும்.

ஸ்பேனரை எடுக்கும் முன் மூன்று படங்கள் எடுங்கள்: இயந்திரம் முழுவதும் தெரிய ஒன்று, பெயர்ப்பலகை ஒன்று, பேனலில் ரிலேயும் இண்டிகேட்டர்களும் தெரிய ஒன்று. பிரித்துவிட்டால் முன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியே இல்லாமல் போய்விடும். வால்வு கைப்பிடி எந்தத் திசையில் நின்றது, ரிலே எந்த எண்ணில் வைக்கப்பட்டிருந்தது, கேஜ் எவ்வளவு காட்டியது என்பதெல்லாம் காலையில் யோசித்தால் நினைவுக்கு வராது.

இன்னொன்று, கடிகாரம். கண்ட்ரோல் ரூம் கணினியின் நேரமும் உங்கள் போனின் நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடங்கள் முன்பின் இருப்பது சாதாரணம். இதைக் குறித்துக்கொள்ளாவிட்டால், பின்னால் அலாரப் பட்டியலையும் உங்கள் குறிப்பையும் சேர்த்து வைக்கும்போது, வால்வைத் திறந்த பிறகு பம்ப் நின்றதா, நின்ற பிறகு வால்வைத் திறந்தார்களா என்பதே குழம்பிப்போகும்.

2. யார் படிக்கப் போகிறார்கள்?

எழுத உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் இதை யோசியுங்கள். பழுது அறிக்கையைப் பெரும்பாலும் மூன்று பேர் படிப்பார்கள். அடுத்த முறை ராத்திரி இதே பம்ப் முன்னால் நிற்கப்போகும் ஃபிட்டர் அல்லது எலக்ட்ரீஷியன். எவ்வளவு நேரம் உற்பத்தி நின்றது, மறுபடி வருமா என்று கேட்கும் மேலாளர். ஒரு வருடம் கழித்து எல்லாவற்றையும் மறந்துவிட்ட நீங்களே.

இவர்களில் ஃபிட்டரை மனதில் வைத்து எழுதுங்கள் என்பேன். அவருக்குப் புரிந்தால் மற்ற இருவருக்கும் புரியும். மேலாளரை மனதில் வைத்து எழுதினால் ‘உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது’ மாதிரி வரிகள்தான் வரும். அதைப் படித்து ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற முடியாது.

தமிழிலா ஆங்கிலத்திலா என்று கேட்பார்கள். நிறுவனம் ஆங்கிலத்தில் கேட்டால் கடைசிப் பிரதி ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆனால் முதல் குறிப்பைத் தமிழில் எழுதுங்கள், பேசுவது போலவே. ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் தெரிந்த சொற்களுக்குள் விஷயத்தை அடக்கிவிடுவோம். ‘பம்ப் ஏதோ வெறுமனே சுற்றுகிற மாதிரி சத்தம் போட்டது’ என்று தமிழில் எழுதத் தெரிந்தவன், ஆங்கிலத்தில் ‘அப்நார்மல் சவுண்ட்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறான். போனது சத்தத்தின் குணம், அதாவது துப்பு.

3. கால வரிசையை முதலில் எழுதுங்கள்

காரணத்தை விட்டுவிடுங்கள், பரிந்துரையை விட்டுவிடுங்கள். மணி, நடந்தது, மணி, நடந்தது. இது மட்டும். அந்தப் பையன் எழுதியிருந்தால் நம் பம்பின் கால வரிசை இப்படி வரும் (இதில் ‘நான்’ என்பது அவன்தான்):

இரவு 1:52 – பம்ப் நின்றது. ஓவர்லோட் ரிலே விழுந்திருந்தது.
1:58 – ஆபரேட்டர் ரிலேயை ரீசெட் செய்து ஓட்டினார்.
2:11 – மறுபடி நின்றது. அதே ரிலே.
2:25 – நான் வந்தேன். ரிலே 54 ஆம்பியரில் வைக்கப்பட்டிருந்தது. மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டு போட்டபின் ஷாஃப்டைக் கையால் சுற்றினேன். தடையில்லாமல் சுற்றியது.
2:40 – ஓட்டிப் பார்த்தேன். டாங் டெஸ்டரில் (கம்பியைக் கவ்விக் கரண்டை அளக்கும் கருவி) மூன்று ஃபேஸும் 66, 65, 66 ஆம்பியர். டிஸ்சார்ஜ் கேஜ் (பம்ப் தள்ளும் தண்ணீரின் பிரஷர்) 2.4 பார்.
2:46 – நானே நிறுத்தினேன்.
3:05 – ஹீட் எக்ஸ்சேஞ்சரின் பைபாஸ் வால்வு (தண்ணீரை எக்ஸ்சேஞ்சருக்குள் விடாமல் சுற்றி அனுப்பும் வால்வு) முழுவதும் திறந்திருப்பதைப் பார்த்தேன். மூடினேன்.
3:12 – ஓட்டினேன். 47 ஆம்பியர், 3.6 பார். லாக் புக்கில் வழக்கமாக இருக்கும் அளவுகள் இவைதான்.
4:15 – ஒரு மணி நேரம் ஓடியபின் அதே அளவுகள்.

இதை எழுதப் பத்து நிமிடம் ஆகும். கால வரிசை கையில் இருந்தால், காரணம் பற்றிய உங்கள் எண்ணம் தவறாக இருந்தாலும் பின்னால் வருபவர் திருத்திக்கொள்ளலாம். கால வரிசை இல்லாமல் காரணம் மட்டும் இருந்தால் திருத்த வழியே இல்லை.

கவனியுங்கள், ‘ஆபரேட்டர் ரிலேயை ரீசெட் செய்து ஓட்டினார்’ என்ற வரியை நிறைய பேர் விட்டுவிடுவார்கள், அவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று. விடக்கூடாது. முதல் முறை 1:52-க்கு நின்றது, இரண்டாம் முறை 13 நிமிடம் ஓடி நின்றது என்பது முக்கியமான தகவல். போட்டவுடனே விழுந்திருந்தால் தேட வேண்டிய இடமே வேறு. பெயர் போட வேண்டாம். செய்த வேலையைப் போடுங்கள்.

4. பார்த்தது, செய்தது, நினைப்பது: மூன்றையும் பிரியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ‘ஓவர்லோடால் ரிலே விழுந்தது’ என்று ஒருவர் எழுதினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிலே விழுந்தது அவர் பார்த்தது. ஓவர்லோட் அவர் நினைத்தது. ரிலேயே பழுதாகி விழுந்திருக்கலாம், ஒரு ஃபேஸ் போயிருக்கலாம். இரண்டையும் ஒரே வரியில் கட்டிவிட்டால் படிப்பவர் நினைப்பையும் உண்மையாக எடுத்துக்கொள்வார்.

டாங் டெஸ்டர் அளவு வந்த பிறகு கதை மாறுகிறது. மூன்று ஃபேஸிலும் 66 ஆம்பியர் இருந்தால் உண்மையிலேயே சுமை கூடியிருக்கிறது என்று எழுதலாம். அப்போதும் அளவை முதலில் எழுதி, அதிலிருந்து நீங்கள் என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள்.

நினைப்பதை எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. அனுபவசாலியின் ஊகத்துக்கு மதிப்பு அதிகம். ‘என் ஊகம்’ என்றோ ‘உறுதியாகத் தெரியவில்லை, ஆனால்’ என்றோ முன்னால் போட்டுவிடுங்கள், போதும்.

தமிழில் எழுதும்போது சில சொற்கள் நம்மைக் கவிழ்க்கும். அவற்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

‘சரி பார்த்தேன்’: சோதித்தீர்களா, பழுது நீக்கினீர்களா? ஷாப் ஃப்ளோரில் இரண்டுக்கும் இதையே சொல்கிறோம். ‘சோதித்தேன், குறை இல்லை’ என்றோ ‘குறை இருந்தது, சரிசெய்தேன்’ என்றோ எழுதுங்கள்.

‘பேரிங் மாற்றினேன்’: புதியதா, வேறு பம்பிலிருந்து கழற்றியதா? எந்த எண்?

‘வால்வு அட்ஜஸ்ட் செய்யப்பட்டது’: யார் செய்தார், எந்த வால்வு, திறந்தாரா மூடினாரா, எவ்வளவு? ‘செய்யப்பட்டது’, ‘கவனிக்கப்பட்டது’ என்று முடிக்கும்போது செய்த ஆள் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறார். அதிகாரபூர்வமாகத் தோன்றும் என்று நினைத்து எழுதுகிறோம். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் போகிறது. ‘செய்தேன்’ என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம்.

‘வலது பக்க பேரிங்’: எங்கே நின்று பார்த்தால் வலது? கப்ளிங் பக்கம், ஃபேன் பக்கம் என்று எழுதினால் எங்கே நின்றாலும் மாறாது.

5. அளவுக்கு நாலு துணை வேண்டும்

ஒரு எண்ணை மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. எந்த அலகு, எங்கே அளந்தது, எதனால் அளந்தது, அப்போது இயந்திரம் எந்த நிலையில் இருந்தது என்ற நாலும் கூடவே வர வேண்டும்.

‘பிரஷர் 4 கிலோ’ என்று நாம் வாய்ப்பேச்சில் சொல்வது சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ. அது பாருக்குக் கிட்டத்தட்ட சமம் என்பதால் பெரிய விபரீதம் வராது. ஆனால் பக்கத்து இயந்திரத்தில் இருக்கும் கேஜ் பிஎஸ்ஐ காட்டினால் எண் 14 மடங்குக்கு மேல் மாறிவிடும். 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை அடைந்த நேரத்தில் தொலைந்துபோனதற்கு, ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் தந்த எண்ணை இன்னொன்று நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். அலகை எழுதச் சோம்பல்படும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

‘கை வைக்க முடியாத சூடு’ என்று எழுதுவார்கள். ஒருவரின் கை தாங்கும், இன்னொருவரின் கை தாங்காது. ‘கப்ளிங் பக்க பேரிங் ஹவுசிங் மேல், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் 78 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரம் ஓடியபின்’ என்று எழுதினால் அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிரீஸும் அப்படித்தான். ‘நாலு பம்ப் அடித்தேன்’ என்றால் எவ்வளவு? ஒவ்வொரு கிரீஸ் கன்னும் ஒரு அழுத்துக்கு வெவ்வேறு எடை தள்ளும். ஒரு முறை தராசில் அடித்துப் பார்த்து ஒரு அழுத்துக்கு எத்தனை கிராம் என்று கன்னின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். கிரீஸ் அதிகமானாலும் பேரிங் சூடாகும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

கூடவே வழக்கமான அளவையும் எழுதுங்கள். 66 ஆம்பியர் என்பது தனியாக நின்றால் வெறும் எண். ‘வழக்கமாக 47, இப்போது 66’ என்றால்தான் அது பேசும்.

6. காரணத்தை எங்கே நிறுத்துவது?

இப்போதுதான் காரணத்துக்கு வருகிறோம். நம் பம்பில் கரண்ட் கூடியிருக்கிறது, பிரஷர் குறைந்திருக்கிறது. இந்த வகை பம்பில் இரண்டும் சேர்ந்து வந்தால், தண்ணீர் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். எதிரே தடை குறைந்தால் பம்ப் அதிகத் தண்ணீரைத் தள்ளும், அதற்கு அதிகச் சக்தி இழுக்கும். பைபாஸ் திறந்திருந்ததால் நடந்தது இதுதான். ஷாஃப்ட் இறுகியிருந்தால் கையால் சுற்றும்போதே தெரிந்திருக்கும்.

இந்தத் தர்க்கம் முழுவதையும் அறிக்கையில் எழுதுங்கள். ‘வால்வை மூடினேன், சரியாகிவிட்டது’ என்று மட்டும் எழுதினால், அடுத்த முறை வால்வு மூடியே இருக்கும்போது பம்ப் நின்றால் படிப்பவருக்கு ஒரு வழியும் தெரியாது. எதையெல்லாம் சோதித்து ஒதுக்கினீர்கள் என்பதும் சேர வேண்டும்: மூன்று ஃபேஸும் சமம், ஷாஃப்ட் தாராளம், ரிலே அமைப்பு சரி. ‘பார்த்தேன், குறை இல்லை’ என்ற மூன்று வரிகள் அடுத்தவருக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அப்புறம் ‘ஏன்’ என்று இன்னும் சில முறை கேளுங்கள். பைபாஸ் ஏன் திறந்திருந்தது? செகண்ட் ஷிப்டில் ஹீட் எக்ஸ்சேஞ்சரைச் சுத்தம் செய்தார்கள். முடித்தபின் ஏன் மூடவில்லை? சுத்தம் செய்யும் வேலைக்கான செக்லிஸ்டில் பைபாஸை மூடும் வரியே இல்லை. ராத்திரி ஷிப்டுக்கு ஏன் தெரியவில்லை? லாக் புக்கில் ‘ஹீட் எக்ஸ்சேஞ்சர் கிளீனிங் முடிந்தது’ என்று ஒரே வரி.

பலர் இரண்டாவது ‘ஏன்’ வந்ததும் ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று எழுதி மூடிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம் தரும் வரி. யார்மேலோ பழி விழுகிறது, செக்லிஸ்ட் அப்படியே இருக்கிறது, அடுத்த சுத்தம் செய்யும்போது மறுபடி பைபாஸ் திறந்தே கிடக்கும். நீங்கள் போய் மாற்றக்கூடிய ஒரு பொருளில் – தாளில், போர்டில், பூட்டில் – வந்து நிற்கும் வரை கேளுங்கள். அங்கே நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரிலே விழுகிறது என்றதும் அதன் அமைப்பை 54-லிருந்து 68-க்கு ஏற்றிவிட்டு ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதுபவர்களும் உண்டு. பம்ப் ஓடும், மோட்டார் வெந்துகொண்டே ஓடும். பாதுகாப்புச் சாதனம் எதையாவது மாற்றியிருந்தால், பழைய அளவு, புதிய அளவு, அனுமதித்தவர் யார் என்ற மூன்றும் இல்லாமல் அறிக்கையை ஏற்கக்கூடாது.

7. தற்காலிக வேலையும் மிச்ச வேலையும்

தற்காலிகமாக எதையாவது கட்டி வைத்திருந்தால் அது அறிக்கையின் தலைப்பகுதியிலேயே வர வேண்டும், கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கக் கூடாது. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை ஒரு தகட்டால் மூடி வைத்திருந்தார்கள். இரவு ஷிப்டுக்கு அது தெரியவில்லை. ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பம்ப் நின்றதும், வால்வு கழற்றிய இந்தப் பம்பை ஓட்டினார்கள். கசிவு, வெடிப்பு, தீ. 167 பேர் இறந்தார்கள். வால்வு இல்லை என்ற தகவல், அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவரிடம் போய்ச் சேரவில்லை.

மிச்ச வேலைகளுக்கு ‘விரைவில்’, ‘தேவைப்பட்டால்’ என்ற சொற்களை வெட்டுங்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள். ‘செக்லிஸ்டில் பைபாஸ் மூடும் வரியைச் சேர்க்க வேண்டும் – செகண்ட் ஷிப்ட் இன்சார்ஜ் – இந்த மாதம் 20-க்குள்.’ பொறுப்பாளரிடம் பேசாமல் பெயரைப் போடாதீர்கள். அவருக்குத் தெரியாத வேலை நடக்காது.

8. சுருக்கத்தைக் கடைசியில் எழுதி, முதலில் வையுங்கள்

எல்லாம் எழுதியபின் மேலே ஏறி நாலைந்து வரிச் சுருக்கம் எழுதுங்கள். என்ன நின்றது, எவ்வளவு நேரம், ஏன், இப்போது எந்த நிலை, மறுபடி வராமல் இருக்க என்ன மிச்சம். நம் பம்புக்கு:

“குளிர்நீர் பம்ப் இரவு 1:52 முதல் 3:12 வரை 80 நிமிடம் நின்றும் ஓடியும் இருந்தது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் பைபாஸ் வால்வு, சுத்தம் செய்த பிறகு மூடப்படாமல் இருந்ததால் தண்ணீர் அதிகம் போய் மோட்டார் 66 ஆம்பியர் இழுத்தது (வழக்கம் 47). வால்வை மூடியபின் அளவுகள் வழக்கத்துக்கு வந்தன. ரிலே அமைப்பு மாற்றப்படவில்லை. சுத்தம் செய்யும் செக்லிஸ்டைத் திருத்த வேண்டும்.”

முதலிலேயே சுருக்கத்தை எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. என்ன தெரிந்திருக்கிறது என்றே அப்போது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அந்த நாலு வரி அறிக்கை பிறந்ததும் அப்படித்தான். சுருக்கத்தில் ஆரம்பித்து சுருக்கத்திலேயே நின்றுவிட்டது.

9. அன்று ஷிப்டில் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள்

‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘நல்லா இருக்கு’ என்பார், அவ்வளவுதான். ‘இன்று ராத்திரி இந்த பம்ப் மறுபடி நின்றால் முதலில் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். ‘டாங் டெஸ்டரும் கேஜும் பார்ப்பேன், பைபாஸைப் பார்ப்பேன்’ என்றால் அறிக்கை வேலை செய்கிறது. ‘எந்த பைபாஸ்?’ என்று அவர் திருப்பிக் கேட்டால், உடனே வால்வின் டேக் எண்ணை, அதாவது அதன் அடையாள எண்ணை, சேருங்கள். அவர் புருவத்தைச் சுருக்கும் ஒவ்வொரு வரியிலும் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். ராத்திரி விளக்கம் சொல்ல நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

திருத்தியபின் கோப்பின் பெயரில் இயந்திரத்தின் டேக் எண்ணையும் தேதியையும் போட்டுச் சேமியுங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதியது’ என்று பெயர் வைத்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒரு பிரதியை அச்செடுத்து பம்ப் ஹவுஸ் லாக் புக்கில் அந்தத் தேதிப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ராத்திரி 2 மணிக்குக் கணினியைத் தேடி யாரும் போவதில்லை. 20-ஆம் தேதி வந்ததும் செக்லிஸ்டைக் கையில் வாங்கி, பைபாஸ் வரி இருக்கிறதா என்று நீங்களே பார்த்து, அறிக்கையில் அந்த வேலைக்கு எதிரே தேதியும் கையெழுத்தும் போடுங்கள்.